மூடியில் இருந்த செல்

பள்ளிக்கு ஒரு வாரம் வசந்த விடுமுறை. அக்காவுக்கு விடுமுறை இல்லை. குளிர் விட்டதும் எல்லா வீடுகளிலும் ஜன்னல்களைத் திறக்கிறார்கள். திறந்தால் திரைச்சீலை பழசாகத் தெரிகிறது. அக்கா வேலை செய்வது திரைச்சீலை தைக்கும் கூடத்தில். வருஷத்தில் இந்த நாட்களில்தான் அவளுக்கு இடுப்பு ஒடியும்.

அக்காவின் கணவருக்கும் அப்படித்தான். வீட்டின் முன்னறைதான் மாமாவின் ரிப்பேர் கடை. வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் ஓடாத கடிகாரம், பாடாத பொம்மை, எடை காட்டாத தராசு என்று எதையாவது அலமாரி இடுக்கிலிருந்து கண்டெடுத்துக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"நீ சும்மாதானே இருக்கே. வந்து பிள்ளைங்களைப் பாத்துக்கோ" என்றாள் அக்கா போனில். நான் சும்மா இருக்கவில்லை. வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்வதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். போனில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நேரில் மட்டும் என்ன வாழ்ந்தது.

குழந்தைகள் மூன்று பேர். வீட்டில் மூவரையும் யாரும் பள்ளிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்தவளுக்கு எட்டு வயது, அவள் மீட்டர். நடுவில் ஐந்து வயதுப் பையன், முதலாளி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான். கடை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்பான். கடைசி, ஒன்றரை வயதுப் பெண், உருண்டை. அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவளைப் பார்த்த பிறகு யாரும் கேட்டதில்லை.

மீட்டருக்கு அந்தப் பெயர் வந்தது மாமாவால். ஒரு தடவை கடையில் பேட்டரி சோதிக்கும் மீட்டர் கெட்டுப்போயிருந்தது. வாடிக்கையாளர் எதிரே நின்றிருந்தார். மாமா ஒரு ஒன்பது வோல்ட் கட்டை பேட்டரியை மகளிடம் நீட்டி, "நாக்கு நுனியில வச்சுப் பாரு" என்றார். அவள் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "முக்கால்" என்றாள். புது மீட்டர் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சந்தேகமான பேட்டரி வந்தால் மாமா உள்பக்கம் திரும்பி, "மீட்டர்" என்று குரல் கொடுப்பார். அவள் ஓடிவந்து நாக்கை நீட்டுவாள். "அரை." "கால்." "செத்துப்போச்சு." பெரும்பாலும் சரியாக இருக்கும். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

திங்கட்கிழமை காலையில் இதை முதல் தடவை நேரில் பார்த்தேன்.

"மாமா, இது நல்லதில்ல" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன விஞ்ஞானி, ஒன்பது வோல்ட்டுக்கே பயந்தா எப்படி? எங்க தொழில்ல எல்லாரும் இப்படிப் பழகினவங்கதான்."

"அப்போ உங்க நாக்கை நீட்ட வேண்டியதுதானே" என்றாள் அக்கா, வேலைக்குக் கிளம்பியபடி. அவள் சட்டைக் கழுத்தில் எப்போதும் போல குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. "பிள்ளை நாக்குதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"என் நாக்கு டீ குடிச்சுக் குடிச்சுச் செத்துப்போச்சு. அவ நாக்குதான் புதுசு."

"உங்க வாய் மட்டும் சாகாது" என்று சொல்லிவிட்டு அக்கா பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

அந்த வாரம் எனக்குப் பயத்திலேயே போனது. முதலாளி நாற்காலி முதுகின் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டான். எண்ணெய் தடவி எடுத்தேன். மீட்டருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. உருண்டை துணி துவைக்கும் மெஷினுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு சாக்ஸோடு. தெருவில் மரங்கள் பூத்து ஜன்னல் விளிம்பெல்லாம் மஞ்சள் தூள் படிந்தது. வீட்டில் ஆளுக்கு ஆள் தும்மினோம், இருமினோம். போதாததற்கு உருண்டைக்குக் கடைவாய்ப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து ஓயாமல் எச்சில் ஒழுகியது. கழுத்துத் துணியை மாற்றிய கை காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடும்.

சாயங்காலம் அக்கா வந்து என் முகத்தைப் பார்ப்பாள்.

"ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? மூணு பெத்த நானே இப்படிப் பயந்ததில்ல."

"மூணு பெத்தா பயம் போயிடுமா?"

"போகாது. பயப்பட நேரம் இருக்காது."

வியாழக்கிழமை மதியத்துக்கு முன்னால் கேக் கடைக்கார அம்மா ஒரு தராசைக் கொண்டுவந்தார். மாவு நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு. எண்கள் மங்கிப் போயிருந்தன. மாமா அதைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, ஒரு பட்டன் செல்லை நகத்தால் நெம்பி எடுத்தார். ஒரு காசு அளவு; காசு மாதிரியே பளபளவென்று இருந்தது. அதை ஜாம் பாட்டில் மூடி ஒன்றில் போட்டு மேசை ஓரத்தில் வைத்தார். இழுப்பறையில் அதே அளவில் புதுசு இல்லை.

"தெருக்கோடி கடையில இருக்கும். வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். தெருப்பக்கக் கதவைப் பூட்டினார். கடைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள கதவையும் சாத்திவிட்டுத்தான் போனார். அதன் பிடி முதலாளிக்கு எட்டும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. போன மாதம் வரை எட்டியதில்லை.

நான் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். மீட்டர் குளித்துக்கொண்டே சத்தமாகப் பாடினாள். கூடத்தில் முதலாளி கடை வைத்திருந்தான். தினமும் வைக்கிற கடைதான். கவிழ்த்த பக்கெட் மேசை. சோபா மேல் உருண்டை.

"அடுத்தது யாரு? என்ன கம்ப்ளெய்ன்ட்? சரி, பாக்கலாம். நாளைக்கு வாங்க."

உருண்டை சிரிப்பது கேட்டது.

"டெஸ்டிங்."

பிறகு ஒரு சின்ன இருமல். எட்டிப் பார்த்தேன். முதலாளி பக்கெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். உருண்டை சோபாவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாரம் முழுக்க எல்லோரும் இருமிக்கொண்டுதான் இருந்தோம். கிழங்கு பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டு உள்ளே போனேன்.

மாமா திரும்பி வந்து கடையில் எதையோ தேடினார்.

"மேசையில ஒரு மூடி இருந்துச்சே, யாரு எடுத்தது?"

கதவு திறந்திருந்தது. மூடி பக்கெட்டின் மேல் இருந்தது. காலியாக.

முதலில் மாமா சிரித்தார். "முதலாளி, சரக்கை எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே?" மாமா சோபா மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கடையிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து, கயிற்றில் கட்டி, சோபாவுக்கு அடியில் விட்டு இழுத்தார். ஒரு ஸ்க்ரூ வந்தது. ஒரு ஹேர்பின் வந்தது. அக்காவின் குண்டூசிகள் கொத்தாக வந்தன. இன்னொரு தடவை இழுத்தார். காந்தம் வெறுமனே வந்தது. அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"செல் எங்கடா?"

முதலாளி உதடுகளை இறுக்கிக்கொண்டான்.

"வாயைத் திற."

திறக்கவில்லை. மாமா தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தார். அவன் அழ ஆரம்பித்தான். மீட்டர் ஈரத் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அவன் டெஸ்ட் பண்ணினான்பா. டெஸ்டிங்னு சொன்னது எனக்குக் குளிக்கறப்பவே கேட்டுச்சு."

அந்த வீட்டில் டெஸ்ட் பண்ணுவது என்றால் என்னவென்று மாமாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதல் வருஷ ஆய்வகத்தில் உப்புத் தண்ணீருக்குள் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். ஒரு கம்பியில் குமிழி குமிழியாக வரும். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தால் நீலமாகும். காரம் உண்டாகியிருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். எச்சிலும் உப்புத் தண்ணீர்தான். உணவுக்குழாய் லிட்மஸ் தாள் மாதிரி நிறம் மாறாது, வெந்து ஓட்டையாகும்.

"பழைய செல்தானே?" என்றார் மாமா. "பவர் தீந்துபோனதுதானே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தராசை ஓட்டத்தான் பத்தாது மாமா. இதுக்குப் பத்தும்."

அவசர எண்ணுக்கு நான்தான் பேசினேன். மாமா அழுத்திய எண்கள் தப்பாக விழுந்தன. ஒரு பெண் குரல் எடுத்தது. எனக்கு முதல் வார்த்தை வரவில்லை. "சொல்லுங்கம்மா, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றது குரல். சொன்னேன். அந்தக் குரல் அடுக்கியது: வாந்தி எடுக்க வைக்காதீங்க. சாப்பாடு எதுவும் குடுக்காதீங்க. ஒரு வயசு தாண்டிய பிள்ளைதானே, வீட்டில தேன் இருக்கா? செல் சுடறதை அது கொஞ்சம் தடுக்கும். இருந்தா வழியெல்லாம் கொஞ்சம் விட்டு விட்டு ரெண்டு ஸ்பூன் குடுத்துட்டே வாங்க. தேனைத் தேடிட்டு நிக்காதீங்க, உடனே கிளம்புங்க.

தேன் இருந்தது. எதிர்வீட்டு டாக்சிக்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். மாமா கதவைத் தட்டிய தட்டில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். மற்ற இருவரையும் விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை. எல்லோருமே ஏறினோம்.

முன் இருக்கையில் மாமா அக்காவுக்கு போன் செய்தார். "ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்றுதான் ஆரம்பித்தார். அதற்கு மேல் பேச முடியாமல் போனைப் பின்னால் என்னிடம் நீட்டினார். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே நான் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். அக்காவின் மெஷின் நிற்பது மட்டும் கேட்டது.

பின் இருக்கையில் முதலாளி எனக்கு ஒரு பக்கம், மீட்டர் மறுபக்கம். உருண்டை என் மடியில். முதலாளிக்கு ஸ்பூனில் தேன் கொடுத்தேன். விசும்பிக்கொண்டே விழுங்கினான். ஒவ்வொரு தடவை அவன் விழுங்கும்போதும் அவன் தொண்டையையே பார்த்தேன். வலிக்குதா என்று கேட்டால் தலையாட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று எனக்குப் புரியவில்லை.

"உருண்டைக்கும் ஒரு வாய் குடு சித்தி, இல்லன்னா கத்துவா" என்றாள் மீட்டர். ஸ்பூன் நுனியை உருண்டையின் உதட்டருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதிசயமா இருக்கு" என்றாள் மீட்டர். "தேன் வேணாமாம்."

"பல்லு வலியா இருக்கும்" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல்.

என் சட்டைக் கை முழங்கை வரை அவள் எச்சிலில் நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களைக் காக்கவைக்கவில்லை. பட்டன் செல் என்றதும் நர்ஸ் முதலாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எக்ஸ்ரே அறையின் கதவு மூடியது. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். மீட்டர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் உருண்டையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அந்த விளக்கையே பார்த்தேன். அணைந்தால் ஒரு பயம். அணையாவிட்டால் ஒரு பயம்.

விளக்கு அணைந்தது. டாக்டர் வெளியே வந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய அம்மா.

"ஒண்ணும் இல்ல. கழுத்துல இருந்து அடிவயிறு வரைக்கும் பாத்தாச்சு. எங்கேயாவது மெத்தை இடுக்குல கிடக்கும், நல்லா தேடுங்க." சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மாமா முதலாளியை வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு அழுகையோடு சிரித்தார். "உள்ள ஒரு ஸ்க்ரூ கூட இல்லையாம்டா முதலாளி." அதே நேரம் அக்கா ஓடிவந்தாள். சட்டைக் கழுத்தில் குண்டூசிகள் அப்படியே இருந்தன. மாமா, "இல்ல, இல்ல, முழுங்கல" என்று தூரத்திலிருந்தே கை ஆட்டினார். அக்கா முதலாளியைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். என்னிடமிருந்து உருண்டையை வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு உங்களை எல்லாம் வீட்டுல வச்சுக்கறேன்" என்றாள். திட்டுவதற்கு வேண்டிய மூச்சு அவளுக்கு இன்னும் வரவில்லை.

நடைபாதையில் வாசலை நோக்கி நடந்தோம். ரொம்ப நேரம் கழித்து முதலாளி வாயைத் திறந்தான். கோபமாக இருந்தான்.

"எல்லாரும் என் வாயையே திறக்கச் சொன்னீங்க. முதலாளி எதுக்கு நாக்குல வைப்பான்? மீட்டர்தானே வைக்கணும்."

டாக்டர் சொன்னதைக் கேட்ட நிம்மதியில் மாமா சத்தமாகச் சிரித்தார். "சரிதான்டா. தொழில் தெரிஞ்சவன்."

"நான் வைக்கல" என்றாள் மீட்டர் அவசரமாக. "நான் குளிச்சிட்டு இருந்தேன்."

எனக்குக் கால் நின்றுவிட்டது. கடையில் மாமா ஒரு நாளும் தன் நாக்கில் வைத்ததில்லை. இவன் விளையாட்டிலும் மாமாவாகத்தான் இருந்தான்.

"முதலாளி" என்று குனிந்தேன். "இன்னிக்கு யாரு மீட்டர்?"

"உருண்டை" என்றான். "அவதான் நாக்கை நீட்டினா. நான் வச்சேன். அவ அரைன்னும் சொல்லல, கால்னும் சொல்லல. வாயை மூடிட்டா. திருப்பித் தரல."

அக்காவின் தோளில் உருண்டை முகத்தைப் பதித்திருந்தாள். அக்காவின் சட்டையில் ஒரு கை அகலத்துக்கு ஈரம். அதில் லேசான சிவப்பு இருந்தது.

அக்கா உருண்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் உருண்டையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

எக்ஸ்ரே அறை வாசலில் இப்போது ஒரு பணியாள் உட்கார்ந்திருந்தார். பேர் பதிஞ்சிட்டு வரிசையில வாங்கம்மா என்றார். அவருக்குப் பின்னால் கால்கட்டோடு ஒருவர், கையைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் என்று நான்கைந்து பேர் என்னையே பார்த்தார்கள். மற்ற நாளாக இருந்தால் நான் வரிசையின் கடைசியில் போய் நின்றிருப்பேன்.

"நாங்க தப்பான பிள்ளையைக் காட்டிட்டோம்" என்றேன். அவர் என்ன என்று கேட்டார். "முழுங்கினது இவ. செல்லை முழுங்கினது இவ. இப்பவே பாக்கணும்." என் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. கால்கட்டுக்காரர் கம்பை ஊன்றி நகர்ந்து வழிவிட்டார். நான் அந்த ஆள் எழுந்து நிற்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஈயக் கவசத்தை எனக்கும் மாட்டினார்கள். உருண்டையின் கைகளை நான்தான் பிடித்துக்கொண்டேன். திரையில் அவளுடைய சின்ன விலா எலும்புகள் தெரிந்தன. அவற்றுக்கு மேலே, கழுத்துக்குக் கீழே, ஒரு வெள்ளை வட்டம். அதற்குள் ஓரமாக இன்னொரு வட்டம். காசாக இருந்தால் ஒரு வட்டம்தான் தெரியும். படம் எடுத்தவர் சுவரில் இருந்த போனை எடுத்தார். நரைமுடி டாக்டர் ஓடிவந்தார். ஓடுகிற டாக்டரைப் பார்ப்பது அதுவே எனக்கு முதல் தடவை. என்னிடமிருந்து உருண்டையை வாங்கும்போது, "எப்ப முழுங்கினா?" என்று மட்டும் கேட்டார்.

"கிழங்கு பொங்கினப்ப" என்றேன். பிறகுதான் நேரத்தைச் சொன்னேன்.

உள்ளே மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுக்கப் போகிறார்கள் என்றார் நர்ஸ். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அக்கா மாமாவைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சட்டைக் கழுத்திலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கைக்குட்டையில் குத்தினாள். எல்லாவற்றையும் குத்திய பிறகு மறுபடி உருவினாள். மாமா கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடிப் பாக்கெட்டில் கை விட்டார். காந்தம் வந்தது. கயிறோடு. வீட்டுச் சாவிக்கொத்து அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அவ சிரிச்சிட்டே இருந்திருப்பா" என்றார். "இவ நாக்கை நீட்டினா நாம சிரிப்போம்ல. அதுக்குத்தான் நீட்டியிருப்பா."

"பேசாம இருங்க" என்றாள் அக்கா.

மீட்டர் என் காதருகே வந்தாள். "நான்தான் அவளுக்கு நாக்கை நீட்டச் சொல்லிக் குடுத்தேன் சித்தி. விளையாட்டுக்கு. சொல்லிடவா அம்மாகிட்ட?"

"உன் மேல தப்பில்ல."

"அப்போ யாரு மேல?"

மாமாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி பெஞ்சின் ஓரத்தில் கைகளைப் பின்னால் கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "செல்லை எடுத்ததும் அவளைத் திருப்பித் தருவாங்களா?" என்று கேட்டான். நான்தான் பதில் சொன்னேன். "தருவாங்க." எனக்குத் தெரியாத ஒன்றை அவ்வளவு உறுதியாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

எதிர்ச் சுவரில் குழந்தைகளுக்காக ஒரு யானை வரைந்திருந்தார்கள். அதன் ஒரு கண் உரிந்து போயிருந்தது. கதவு திறக்கும்வரை நான் அதையேதான் பார்த்தேன்.

டாக்டர் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே செல். ஒரு முகம் முழுக்கக் கறுத்திருந்தது.

"எடுத்தாச்சு. ஓட்டை விழல. புண் இருக்கு, ஒரு பக்கம் ஆழமா இருக்கு. ரெண்டு மூணு நாளைக்கு வாய் வழியா எதுவும் கிடையாது. அப்புறம் ஒரு படம் எடுத்துட்டுத்தான் தண்ணியே. வீட்டுக்குப் போனாலும் சில வாரம் கவனமா பாத்துக்கணும். ரத்தம் வந்தா, காய்ச்சல் வந்தா, முழுங்கச் சிரமப்பட்டா உடனே தூக்கிட்டு வரணும். நீங்க வீட்டுக்குப் போய் மெத்தையில தேடிட்டு இருந்திருந்தா…"

"வேணாம்" என்று அக்கா கையை உயர்த்தினாள். "அதைச் சொல்லாதீங்க."

டாக்டர் என்னைப் பார்த்து, "இன்னொரு பிள்ளை இருக்கான்னு நானும் கேட்டிருக்கணும்" என்றார். வழக்கம்போல் தலையாட்டினேன்.

மூன்று நாட்கள் அக்கா உருண்டையின் கட்டிலைவிட்டு நகரவில்லை. நான் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தேன். மரங்களில் பூ உதிர்ந்து இலை வந்துகொண்டிருந்தது. மாமா கடையைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கேக் கடைக்கார அம்மா தராசைக் கேட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தராசை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். அன்றைக்கு மாமா கடைக் கதவில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடித்தார். இழுப்பறைகளுக்குப் பூட்டு வைத்தார். பழைய பட்டன் செல்களைத் தேடித் தேடிப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் டேப்பால் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, அதையும் டேப்பால் சுற்றினார். பழக்க தோஷம், ஒரு கட்டை பேட்டரியைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்குள் மூடிக்கொண்டார். கூடத்தில் அவர் மகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் எழுந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உருண்டைக்கு ஏதோ மருந்துத் தண்ணீரைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். கசிவு இல்லை என்றார்கள். இனி வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம், ஸ்பூனால், மெதுவாக.

நாங்கள் ஐந்து பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். அடுத்த நாள் பள்ளி திறக்கிறது. அக்காவின் தையல் கூடத்திலிருந்து இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள்.

"அந்தத் துண்டை எடு" என்று அக்கா மூத்தவளை அவளுடைய சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்ட பிறகுதான் தன்னைத்தான் என்று புரிந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா ஸ்பூனில் தண்ணீரை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிட்டது. மாமாவிடம் நீட்டினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். ஸ்பூன் என்னிடம் வந்தது.

உருண்டை இளைத்திருந்தாள். அந்தப் பெயருக்கு இப்போது காரணம் கேட்பார்கள். ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாக்கை நீட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

தண்ணீரை ஊற்றினேன். அவள் விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. முதலாளி என் சட்டையைப் பிடித்தான். அவள் முகம் சுளித்தது. தொண்டை ஏறி இறங்கியது. பக்கத்தில் அக்காவின் தொண்டையும் ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

இருமல் வருகிறதா என்று காத்திருந்தோம். வரவில்லை. கழுத்துத் துணியைப் பார்த்தேன். ஈரம் இல்லை.

உருண்டை மறுபடி வாயைத் திறந்தாள். நான் ஸ்பூனை நிரப்பினேன்.